ஏஐ ஹெட் ஏறிய பெட்டி

"பேக் எங்க மச்சான்?" என்று தினமும் ரயிலில் கூட வரும் கிளாரன்ஸ் கேட்டான்.

விநாயக் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். லேப்டாப் பை தொங்கித் தொங்கிச் சட்டையில் தடம் விழுந்த தோள் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே பையைக் கம்பெனி திருப்பி வாங்கிக்கொண்டது. கூடவே வேலையையும். "நீங்க செய்றதை இனிமே சாஃப்ட்வேரே செஞ்சுக்கும்" என்று ஒரு பெண் திரையில் வந்து அத்தனை அன்பாகச் சொன்னாள். அந்த அன்பைப் பார்த்து, அவளும் ஒரு சாஃப்ட்வேர்தானோ என்று விநாயக்குக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

வீட்டில் மனைவி மமதாவிடம் சொல்ல வாய் வரவில்லை. போன மாதம்தான் அவள் தம்பியை, "கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுடா, கண்ணை மூடிக்கிட்டு எடு" என்று சொல்லிக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்திருந்தான். எனவே திங்கட்கிழமை வழக்கம்போல் சவரம் செய்து, அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை வாங்கிக்கொண்டு, ஊரிகம் ஸ்டேஷனில் பெங்களூர் வண்டி ஏறிவிட்டான். பையில்லாத தோளை மட்டும் யோசிக்கவில்லை.

"உன்னத்தான் கேக்கறேன். பேக் எங்க?"

"ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்க."

எதிரே உட்கார்ந்திருந்த லவினா காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினாள். பக்கத்தில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது. அந்தப் பெட்டியில் தினமும் போகிறவர்கள் பெரும்பாலும் சாஃப்ட்வேர்காரர்கள். 'வாங்கிக்கிட்டாங்க' என்பது அவர்கள் நடுவே சொல்லக்கூடாத சொல்லாகிப் போயிருந்தது.

"வாங்கிக்கிட்டாங்களா? ஏன்?" என்றாள் லவினா.

"புதுசு குடுக்கப் போறாங்க. பழசு ஸ்பீடு பத்தாது."

"எதுக்குப் பத்தாது?"

விநாயக் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். உதவி எதுவும் வரவில்லை.

"பிரமோஷன்" என்றான்.

பெட்டியே கைதட்டியது. கிளாரன்ஸ் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். "ஊர்ல இருக்கற கம்பெனில எல்லாம் ஆளைத் தூக்கறான். நம்ம பையனுக்கு பிரமோஷன்! இன்னா போஸ்டு மச்சான்?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் பெரிய பொய்யாகத்தான் சொல்வான்.

"ஏஐ ஹெட்."

கைதட்டல் நின்றது. இப்போது எல்லாருடைய முகத்திலும் வேறொரு வெளிச்சம். கோயிலில் திரை விலகும்போது தெரிகிற வெளிச்சம்.

"அப்ப நீயே சொல்லு" என்று லவினா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "நம்ம வேலையெல்லாம் இன்னா ஆவும்?"

வடைக் கூடையோடு வந்த மரியகுழந்தையக்காகூட நின்றுவிட்டாள். சாம்பியன் ஸ்டேஷனில் ஏறி, பெங்களூர் கன்டோன்மென்ட்டில் இறங்கும்வரை பெட்டி பெட்டியாகவும், பகலில் ஊருக்குள் பார்க் பார்க்காகவும் மசால் வடை விற்பவள் அவள். 

"வேலை போவும்" என்றான் விநாயக். அதுவரை உண்மை. அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் வாய் தானாகப் பேசியது. "எப்படி எழுதறதுன்னு மட்டும் தெரிஞ்சவனுக்குப் போவும். யாருக்கு எழுதறோம், எதுக்கு எழுதறோம்னு தெரிஞ்சவனைத் தேடிக்கிட்டு வருவாங்க."

லவினா அதைப் போனில் குறித்துக்கொண்டாள். சீட்டாட்டக்காரர்களில் ஒருவர் "ஆஹா" என்றார். விநாயக்குக்கே அந்த வாக்கியம் பிடித்திருந்தது. எங்கிருந்து வந்தது என்றுதான் தெரியவில்லை.

ஒயிட்ஃபீல்டில் அவன் மட்டும் இறங்கினான். மற்றவர்கள் எல்லாரும் அதற்கு அப்பால் போகிறவர்கள். ஒரு ஷாப்பிங் மாலின் உணவுக்கூடத்தில், தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத நாற்காலி ஒன்றைப் பிடித்து உட்கார்ந்து, 'அப்பாடா, இன்றைக்குத் தப்பித்தோம்' என்று நினைத்தான்.

மறுநாள் காலை அவன் ஏறியபோது ஜன்னலோர இடம் அவனுக்காகக் காலியாக இருந்தது. பக்கத்துப் பெட்டியிலிருந்தும் ஆட்கள் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நேத்து விட்ட இடத்துலேர்ந்து சொல்லு மச்சான்" என்றான் கிளாரன்ஸ்.

விநாயக் தெரிந்ததையெல்லாம் சொன்னான். அது பங்காரப்பேட்டை ஸ்டேஷன் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. "மீதி நாளைக்கு" என்று சமாளித்தான். சமாளித்ததுதான் வினையாயிற்று. நாளைக்குச் சொல்ல ஏதாவது வேண்டுமே! அன்று பகல் முழுக்கத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து போனிலேயே படித்தான். மறுநாள் முதல், பரணிலிருந்து இறக்கிய கல்லூரி காலத்துப் பழைய லேப்டாப்பும் கூட வந்தது. புதிது புதிதாக வந்திருக்கும் கருவிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உடைத்து, திரும்பச் சேர்த்துப் பார்த்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மறந்து போனான். வேலையில் இருந்த வருஷங்களில் மீட்டிங் மீட்டிங்காக உட்கார்ந்து தூங்கி வழிந்த மூளை, வேலை போன பிறகு குதிரை மாதிரி ஓடியது.

அந்த வாரத்திலிருந்து காலை வண்டி வகுப்பாகிவிட்டது. சீட்டாட்டக் கோஷ்டி, சீட்டுக்கட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்து, அப்படியே மாணவர்களாகிவிட்டது. கிளாரன்ஸ் தன் ஆபீஸ் போனைக்கூட வகுப்பு முடிந்த பிறகுதான் பேசினான். "யெஸ், யெஸ், டிப்ளாய் பண்ணுங்க" என்று அவன் சத்தமாகச் சொல்வது அடுத்த பெட்டிவரை கேட்கும். லவினா கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அடையாள அட்டையை ஒருநாளும் கழற்றுவதில்லை. இப்படிப்பட்ட பெரிய கம்பெனிக்காரர்கள் தன் பேச்சை வாய் பிளந்து கேட்கிறார்களே என்று விநாயக்குக்கு ஒருபக்கம் கூச்சம், ஒருபக்கம் இறக்கை முளைத்த மாதிரி இருந்தது.

அப்படி ஒருநாள் காலையில்தான் பங்காரப்பேட்டையில் ராஜேந்திரன் ஏறினார்.

பூதிகோட்டைப் பக்கத்துத் தக்காளியையெல்லாம் லாரியில் ஏற்றிச் சந்தைகளுக்கு அனுப்புகிறவர். கையில் இரண்டு போன், இரண்டிலும் மணி அடித்தபடி இருந்தது. சற்று நேரம் வகுப்பைக் கேட்டுவிட்டு, "தம்பி, இவ்ளோ பேசறீங்களே, என் தக்காளிக்கு உங்க ஏஐ இன்னா பண்ணும்?" என்றார்.

"உங்க பிரச்சினை இன்னாண்ணே?"

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். விவசாயிகள் அனுப்பிய குரல் செய்திகள் வரிசையாக ஓடின. ஒருவர் கன்னடம், ஒருவர் தெலுங்கு, ஒருவர் தமிழ். நாலாவது ஆள் மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து பேசினார். எந்தத் தோட்டத்தில் எத்தனை பெட்டி, எப்போது வண்டி வர வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் இருந்தது.

"தினமும் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதே போச்சு. நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள பாதித் தக்காளி அழுவிப் போவுது. பெரிய பெரிய கம்பெனி சாஃப்ட்வேர் எல்லாம் வாங்கிப் பாத்துட்டேன். இவங்க பேசறது அதுக்கு ஒண்ணும் புரியல."

பெட்டியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் புரிந்திருந்தது. ஒவ்வொரு சொல்லும் புரிந்திருந்தது. அவர்கள் தெருவில் பேசுகிற பேச்சுதானே!

"குரலை நான் பாத்துக்கறேன்" என்றாள் லவினா.

"டிரைவருக்கு மெசேஜ் போறது என் பொறுப்பு" என்றான் கிளாரன்ஸ்.

மாலூர் தாண்டுவதற்குள் ஆளுக்கொரு பங்கு பிரிந்துவிட்டது. அன்று சாயங்கால வண்டியில் விநாயக் ஏறியபோது, எல்லாரும் அவரவர் பங்கை முடித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"ஒரே நாள்லயா?" விநாயக் அசந்து போனான். "ஆபீஸ் வேலை?"

"அது பாட்டுக்கு நடக்குது மச்சான்."

"எனக்கு மீட்டிங் எதுவும் இல்ல" என்றாள் லவினா.

"இன்னிக்கா?"

"இந்த வாரமே இல்ல."

பெரிய கம்பெனி என்றால் சும்மாவா என்று விநாயக் மெச்சிக்கொண்டான்.

மறுநாள் சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கியது. அதற்கு அடுத்த நாள் ராஜேந்திரன் சிவந்த முகத்தோடு வண்டி ஏறினார்.

"யோவ் ஹெட்டு! இன்னாய்யா பண்ணி வச்சிருக்கீங்க?"

நடந்தது இதுதான். ஒரு விவசாயி கன்னடத்தில், பழம் தயாராக இருக்கிறது என்று சொல்ல, "ஹண்ணு ரெடி" என்று அனுப்பியிருக்கிறார். சாஃப்ட்வேர் அதை "ஹெண்ணு" என்று கேட்டுக்கொண்டு, டிரைவருக்குத் தமிழில் செய்தி அனுப்பிவிட்டது: 'பொண்ணு ரெடி. காலையில் வந்து ஏற்றிக்கொண்டு போகவும்.'

"அவன் கல்யாணமாகாத பையன்யா!" ராஜேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான்தான் பாத்துப் பேசி முடிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டு, குளிச்சு, பட்டு வேட்டி கட்டி, அவங்கம்மாவ முன்சீட்ல உக்கார வச்சு, தட்டுல பூ பழம் வச்சுக்கிட்டு லாரியோட போய் நின்னிருக்கான். அந்த விவசாயிக்கு நெசமாவே ஒரு பொண்ணு கீது. மண்வெட்டிய எடுத்துக்கிட்டு ஏரிக்கரை வரைக்கும் தொரத்தியிருக்காரு!"

பெட்டி வெடித்துச் சிரித்தது. ராஜேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. "தக்காளி அப்படியே கெடக்குது" என்றார்.

சிரிப்பு நின்றது. விநாயக் எழுந்தான். "அண்ணே, ஒரு நாள் குடுங்க. மெஷினுக்கு நம்ம வாய் பழக்கமில்ல. பழக்கிடறோம்."

அன்று அந்த வண்டியில் நடந்ததை முதல்முறை ஏறியவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். படித்து, சட்டை இன் பண்ணிய ஆண்களும் பெண்களும் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஹண்ணு! ஹெண்ணு! ஹண்ணு! ஹெண்ணு!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கன்னடக்காரர் மாதிரி ஒருமுறை, தெலுங்குக்காரர் கன்னடம் பேசுகிற மாதிரி ஒருமுறை, வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி ஒருமுறை. மரியகுழந்தையக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, மூன்று பாஷையிலும் கத்திக் கொடுத்தாள். மாலூரில் ஏற வந்த ஒரு குடும்பம் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓடியது.

அதன் பிறகு தப்பு வரவில்லை. பொழுது விடிவதற்குள் எந்த லாரி எந்தத் தோட்டத்துக்கு என்பது அதுவாகவே முடிவாகிவிட்டது. தக்காளி அழுகாமல் சந்தைக்குப் போனது. ராஜேந்திரனின் போன் கொஞ்சம் வாய் மூடியது. அவருக்கு வந்த சந்தோஷத்தில், யாரிடமும் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெட்டி தக்காளியைத் தூக்கிக்கொண்டு விநாயக்கின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

கதவைத் திறந்தவள் மமதா.

"உங்க வீட்டுக்காரர் சாதாரண ஆளில்லம்மா. ஏஐ ஹெட்டுன்னா சும்மாவா?"

"ஹெட்டா?" என்றாள் மமதா.

குளித்துவிட்டுத் துண்டோடு வந்த விநாயக் வாசலில் அவரைப் பார்த்ததும் திரும்பிக் குளியலறைக்கே போய்விடலாமா என்று நினைத்தான். அதற்குள் மமதா ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏன் என்கிட்ட சொல்லல? ஒவ்வொரு வீட்லயும் வேலை போச்சு வேலை போச்சுன்னு சொல்லும்போது, ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் வராதுங்க. உங்களுக்குப் பிரமோஷனா?"

"சர்ப்ரைஸ்" என்றான் விநாயக் ஈனசுரத்தில்.

"சம்பளம்?"

"மாறும்."

அது பொய்யில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டான். மமதா அதற்குள் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். முந்திரியும் நெய்யும் தாராளமாகப் போட்டுக் கேசரி கிண்டி, அந்த லைன் வீடுகள் அத்தனைக்கும் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தனுப்பினாள். ஒவ்வொரு கிண்ணம் போகும்போதும் விநாயக் அதிலிருந்த முந்திரியை எண்ணினான்.

கேசரியைச் சாப்பிட்டுவிட்டு ராஜேந்திரன் விரலைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு உங்க ஆபீஸ்க்கு வர்றேன் தம்பி. மத்த வியாபாரிங்களும் இதைக் கேக்கறாங்க. ஆபீஸைப் பாத்துட்டுப் பேசிடலாம்."

"ஆபீஸ்ல பெயின்ட் அடிக்கறாங்கண்ணே."

"பரவால்ல. எனக்குப் பெயின்ட் வாசனை பிடிக்கும்."

"நானும் வர்றேங்க" என்றாள் மமதா. கணக்கு டீச்சர் அவள். "நாளைக்கு ஸ்கூல் லீவுதான். உங்க ரூம பாக்கணும்."

விநாயக் கொல்லைப்பக்கம் போய்க் கிளாரன்ஸுக்குப் போன் போட்டான். "மச்சான், உங்க ஆபீஸ்ல நாளைக்கு ஒரு மீட்டிங் ரூம் கெடைக்குமா? கொஞ்ச நேரம் போதும்."

கிளாரன்ஸ் இருமினான். "நாளைக்கா? எங்க ஆபீஸ்ல பெயின்ட் அடிக்கறாங்க மச்சான்."

லவினாவைக் கூப்பிட்டான்.

"ஐயோ, எங்க ஆபீஸ்லயும் பெயின்ட்தான்" என்றாள் லவினா.

பெங்களூர் முழுக்கவா அடிக்கிறார்கள் என்று விநாயக் திகைத்துப் போனான்.

திங்கட்கிழமை காலை வண்டியில் மமதா பட்டுப்புடவையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பங்காரப்பேட்டையில் ராஜேந்திரன் ஒரு ரோஜா மாலையோடு ஏறினார். ஆபீஸில் போடுவதற்காம். பெட்டியில் எல்லாரும் மமதாவிடம், "அண்ணி, உங்க வீட்டுக்காரர் இல்லன்னா நாங்க இல்ல" என்று மாறி மாறிச் சொன்னார்கள். அவள் முகம் பூரித்துக்கொண்டே போகப் போக, விநாயக்கின் முகம் வற்றிக்கொண்டே போயிற்று. மாலூர் போனது. அடுத்து ஒயிட்ஃபீல்ட். அங்கே இறங்கினால் மாலில் தூணைத்தான் காட்ட வேண்டும்.

அவன் எழுந்து நின்றான்.

"எனக்கு ஆபீஸ் இல்ல" என்றான்.

"பெயின்ட்தானே, பரவால்லன்னேனே" என்றார் ராஜேந்திரன்.

"பெயின்ட் இல்லண்ணே. ஆபீஸே இல்ல. நான் ஹெட்டு இல்ல. வாலுகூட இல்ல. என்னை வேலைய விட்டு எடுத்துட்டாங்க. பேக் எங்கன்னு கிளாரன்ஸ் கேட்டான் பாருங்க, அன்னிக்கே எனக்கு வேலை இல்ல. ஒரு பொய் சொன்னேன். அதைக் காப்பாத்த இன்னொண்ணு. தினமும் மால்ல உக்காந்து படிச்சுத்தான் இவங்களுக்குச் சொன்னேன்."

விநாயக் மமதாவைப் பார்க்கப் பயந்து ராஜேந்திரனின் மாலையைப் பார்த்தான்.

"அப்ப நான் கட்டிக் குடுத்த சோத்தத் தினமும் எங்க தின்னீங்க?" என்றாள் மமதா.

"தூணுக்குப் பின்னாடி."

"தனியாவா?"

அவன் தலையாட்டினான். மமதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து, கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "வேலை போனதுக்கு நான் அழ மாட்டேன். என்கிட்ட மறைச்சீங்களே, அதுக்கு வீட்டுக்கு வந்து இருக்கு உங்களுக்கு. ஆனா அந்தக் கேசரில போட்ட முந்திரிக்கு மட்டும் சாவற வரைக்கும் அழுவேன்."

ராஜேந்திரன் மாலையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு சிரித்தார். பெரிய சிரிப்பு.

"ஏம்பா, ஆபீஸை வச்சு நான் இன்னா பண்ணப் போறேன்? இதை எங்க உக்காந்து பண்றீங்கன்னு பாக்கத்தான் வரணும்னேன். அதைத்தான் தினமும் கண்ணால பாக்கறேனே! என் தக்காளி அழுவாம போவுது. எனக்கு அது போதும். முல்பாகல்ல கேக்கறாங்க, சீனிவாசபுரத்துல கேக்கறாங்க, ஆந்திரா பக்கம் மாங்கா வியாபாரிங்க கேக்கறாங்க. கம்பெனியே ஆரம்பிச்சுடலாம். நீதான் ஹெட்டு. இந்த வாட்டி நெசமாவே."

மமதாவின் பிடி இறுகியது.

"ஆனா ஒண்ணு" என்று ராஜேந்திரன் பெட்டியைச் சுற்றிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "உன் ஒருத்தனால ஆவாது. மூணு பாஷையும் தெரிஞ்ச இந்தக் கூட்டம் மொத்தமும் வேணும், முழு நேரமா. அதுக்கு எங்க போறது? இவங்கள்லாம் பெரிய பெரிய கம்பெனில இருக்கறவங்க. வேலைய விட்டுட்டுத் தக்காளிக்கு வருவாங்களா?"

"வரமாட்டாங்கண்ணே" என்றான் விநாயக். "நான் கேக்கவும் மாட்டேன். கையில இருக்கற வேலைய விடுன்னு இந்தக் காலத்துல யாருகிட்டயும் சொல்லக்கூடாது. என் பொய்யை நம்பி இவ்ளோ நாள் சும்மா உழைச்சுக் குடுத்ததே பெருசு."

கிளாரன்ஸ் மேலே ஓடாத மின்விசிறியை உற்றுப் பார்த்தான். லவினா கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டாட்டக் கோஷ்டியில் ஒருவர் தொண்டையைச் செருமிவிட்டு, பக்கத்திலிருந்தவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

மரியகுழந்தையக்கா வடைக் கூடையைத் 'தொம்' என்று கீழே வைத்தாள்.

"அட ஏம்பா, பகல் பூரா கப்பன் பார்க்குல ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர், மரத்துக்கு ஒருத்தரா உக்காந்து என் வடையத் தின்னுட்டு, இங்க வந்து வாயத் தொறக்க மாட்டேங்கறீங்களே! ராஜேந்திரண்ணே, இந்தப் பெட்டில வேலைக்குப் போறவ நான் ஒருத்திதான்!"